லிராவில் எல்லாருக்கும் மலேரியா, யாருக்கும் பதற்றமில்லை. ஏன்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

வடக்கு உகாண்டாவில் லிரா என்கிற ஊரில், சூரியகாந்தி எண்ணெய் ஆலை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். மூன்று வருடம் ஆகிறது. வருகைப் பதிவேடும் என் மேசைக்குத்தான் வரும். மழை தொடங்கிக் கொஞ்ச நாளில் விடுப்புச் சீட்டுகள் குவியும், காரணம் என்ற கட்டத்தில் மலேரியா, பிள்ளைக்கு மலேரியா, மனைவிக்கு மலேரியா, மறுபடி மலேரியா. முதல் வருடம் இதெல்லாம் பொய் லீவு என்றுதான் நினைத்தேன், நம்மூரில் ஒரே பாட்டி நாலு தடவை செத்துப்போவது போல.

அப்புறம் எனக்கே வந்தது. இரண்டு கம்பளிக்குள் கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம், பிறகு சட்டை நனைய வியர்வை, ராத்திரி முழுக்க அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேனாம், அம்மா திருநெல்வேலியில். மூன்று நாளில் 24 மாத்திரை, வெறும் வயிற்றில் போடாதே, பாலோ எண்ணெய்ப் பதார்த்தமோ சேர்த்துச் சாப்பிட்டால்தான் மருந்து உடம்பில் ஏறும் என்றார்கள். நான் எழுந்து நடக்கப் பத்து நாள் ஆனது. அதே வாரம் அதே மலேரியா என்று சீட்டு வாங்கிய பக்கத்து மேசைக்காரர் மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார். "நீ புது ஆள், உன்னை அப்படித்தான் போடும்" என்று சிரிப்பு வேறு.

போன மாதம் எங்கள் காவலாளியின் மகள், இரண்டரை வயது. காய்ச்சலுக்குக் கடையில் வாங்கிய ஏதோ மாத்திரையில் இரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் ரத்தம் குறைந்து உள்ளங்கை வெளுத்துவிட்டது. முதலில் போன சுகாதார நிலையத்தில் ஏற்ற ரத்தம் இல்லை. போடா வண்டியில் (வாடகை பைக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தார்கள், ரத்தம் கிடைத்தது, பிழைத்துவிட்டாள். அந்தச் செலவுக்கு இரண்டு ஆடு போனது. மறுநாள் அவர் டியூட்டிக்கு வந்துவிட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா, 5,97,000 சாவு. சாவில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில், அதிலும் நாலில் மூன்று பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நோயாளிகளில் ஏறக்குறைய இருபதுக்கு ஒருவர் நான் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்டில். இத்தனை இருந்தும் ஊரில் ஒரு பதற்றம் கிடையாது. கொரோனாவுக்கு ஊரடைத்தவர்கள்தானே இவர்களும்? எனக்கு இதுதான் பிடிபடவில்லை.

எதிர்க்கேள்வி எழுதியது:

கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். இலவசமாகக் கொசுவலை கொடுக்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், கோடிக்கணக்கில் டாலர் கொட்டுகிறார்கள். வலையை ஏரியில் போட்டு மீன் பிடிப்பதை நான் வீடியோவிலேயே பார்த்திருக்கிறேன். இலங்கை ஒழித்துவிட்டது, அதுவும் போருக்கு நடுவில். சீனா 2021இல் ஒழித்தது. இவர்களால் மட்டும் ஏன் முடியவில்லை? எப்போதும் வறுமை வறுமை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி.

லேப் செல்வி எழுதியது:

கணக்கப்பிள்ளை, உங்கள் பக்கத்து மேசைக்காரர் நடிக்கவில்லை. நான் நைஜீரியாவில் கானோ பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் ஆறு வருடம் இருந்தேன். உலக மலேரியாவில் கால்வாசி அந்த ஒரு நாட்டில்தான், சாவில் இன்னும் கொஞ்சம் கூட. அங்கே பிறந்து, சின்ன வயதில் திரும்பத் திரும்ப வந்து, அதிலெல்லாம் சாகாமல் தப்பித்தவர்களுக்கு ஒரு அரைகுறை எதிர்ப்பு வந்துவிடும். கிருமி ரத்தத்தில் இருக்கும், ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். நீங்களும் நானும் பச்சை உடம்பு. அவர்களே லண்டனில் சில வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தால் நம்மைப் போலத்தான் படுப்பார்கள்.

பதற்றமில்லாததற்கும் பாதி காரணம் அதுதான். ஊரில் பெரியவர்கள் எல்லாரும் அதில் தப்பித்தவர்கள். தப்பிக்காத பிள்ளைகள் பேச வரமாட்டார்கள்.

இதில் லேப்காரி தலைவலி ஒன்று உண்டு. ஆரோக்கியமான ஆளின் ரத்தத்திலேயே கிருமி இருக்கும் ஊரில், காய்ச்சலோடு வருகிறவருக்கு ஸ்லைடில் ஒரு ப்ளஸ் வந்தால், காய்ச்சல் அதனாலா அல்லது நிமோனியா வந்த பிள்ளைக்கு இது சும்மா கூட இருக்கிறதா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எவனும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை, "மலேரியா ப்ளஸ் டைபாய்டு" என்று எழுதி இரண்டுக்கும் மருந்து. டைபாய்டுக்கு அங்கே எடுக்கும், அவ்வளவாக நம்ப முடியாத விடால் டெஸ்டைப் பற்றி என்னைப் பேச வைக்காதீர்கள். நீங்கள் எழுதிய 26 கோடியும் ஒவ்வொன்றாக எண்ணிய எண் இல்லை, கணித்து எடுத்த மதிப்பீடு. பல சாவுகள் வீட்டில் நடக்கின்றன, எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இன்னொன்று. நைஜீரியாவில் அரிவாள் செல் நோயோடு பிறக்கும் குழந்தைகள் உலகத்திலேயே அதிகம். அந்த மரபணு ஒரு பக்கம் மட்டும் வந்தால் மலேரியாவின் கொடுமையிலிருந்து காப்பாற்றும், இரண்டு பக்கமும் வந்தால் அதுவே நோய். மலேரியா அந்த மண்ணில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பதற்கு அவர்கள் ரத்தமே சாட்சி. அதையும் சேர்த்துத்தான் நீங்கள் சுமை என்று எண்ண வேண்டும்.

மன்னார் மீன்கொத்தி எழுதியது:

//இலங்கை ஒழித்துவிட்டது, அதுவும் போருக்கு நடுவில்//

தம்பி, எங்கள் கதையைச் சொல்கிறவர்கள் எப்போதும் கடைசி அத்தியாயத்தை மட்டும்தான் சொல்கிறார்கள். முழுவதையும் கேளும்.

1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. எங்கள் நுளம்புக்கு (நீங்கள் கொசு என்பீர்கள்) அந்தக் குட்டைத் தண்ணீர்தான் தொட்டில். குருநாகல், கேகாலைப் பக்கம் மலேரியாவை அதிகம் காணாத சனம், உடம்பில் எதிர்ப்பு இல்லை. 34க்கும் 35க்கும் இடையில் ஏறக்குறைய 80,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு டிடிடி பூச்சிமருந்து வந்தது, வீடு வீடாக அடித்தார்கள், 1963இல் நாடு முழுக்க வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. பதினேழு! இனி என்ன என்று தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஒரே வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். அதற்குப் பிறகு நாற்பது வருடம் போராடித்தான் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபர், சான்றிதழ் 2016 செப்டம்பர்.

போருக்குள்ளும் வன்னிக்கு மலேரியா மருந்தும் வலையும் போய்க்கொண்டிருந்தன, இரண்டு தரப்பும் அந்த வேலைக்காரர்களை விட்டுவைத்தார்கள், அது உண்மை. என் தகப்பனார் வீட்டில் மலேரியாச் சோதனைக்கு இரத்தப் பூச்சு எடுக்க வந்தவரை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எங்கள் நுளம்பையும் அவர்கள் நுளம்பையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. எங்களுடையது மாட்டை விரும்பும், மாடு கிடைக்காத நேரம்தான் மனிதனிடம் வரும். ஆப்பிரிக்காவின் காம்பியே என்கிற, மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு மனிதன்தான் சாப்பாடு, வீட்டுக்குள்ளேயே கடித்து வீட்டுச் சுவரிலேயே ஓய்வெடுக்கும், மாட்டுக் குளம்படியில் தேங்கிய மழைத்தண்ணீர் போதும் அதற்கு முட்டையிட. நுளம்பின் உடம்பில் கிருமி முற்றுவதற்குப் பத்து நாளுக்கு மேல் வேண்டும், அதுவரை சாகாமல் இருந்து, அடுத்த கடியும் மனிதனையே கடித்தால்தான் நோய் பரவும். இரண்டிலும் அது கெட்டிக்காரி.

எதிர்க்கேள்வி எழுதியது:

சரி, கொசு வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலையில் மீன் பிடிப்பதைக் கொசுவா செய்கிறது?

லேப் செல்வி எழுதியது:

பிடிக்கிறார்கள், ஏரிக்கரை ஊர்களில். பட்டினியா மலேரியாவா என்றால் மனுஷன் எதைத் தேர்ந்தெடுப்பான் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒரு வீடியோவை வைத்து மொத்தக் கண்டத்தையும் எடைபோடாதீர்கள். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியா 66 கோடி தடவைக்கு மேல் என்று கணக்கிட்டார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு வலையால். தொங்கவிட்டுப் படுக்காமல் அது வராது.

வலை இரண்டு மூன்று வருடத்தில் கிழிந்துவிடும், மருந்தும் போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை, வலையில் தோய்க்கும் பைரித்ராய்டு மருந்துக்குக் கொசு பழகிவிட்டது. அதனால் வேறொரு மருந்தையும் சேர்த்துத் தோய்த்த வலைகளை 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, அவை நன்றாக வேலை செய்கின்றன, விலை கொஞ்சம் கூடுதல். காசு கூடினால் எண்ணிக்கை குறையும், இந்தக் கணக்கைக் கணக்கப்பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையிலும் அதே கதைதான். 80, 90களில் பழைய மாத்திரையான குளோரோகுயினுக்குக் கிருமி அடங்காமல் போனது, அது தெரிந்தும் பல நாடுகள் அதையே கொடுத்துக்கொண்டிருந்தன, மலிவு என்பதால். எத்தனை பிள்ளைகள் போயிருக்கும். பிறகு ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்து வந்து காப்பாற்றியது, ஆர்ட்டெமிசினினைக் கண்டுபிடித்த சீனத்து தூ யூயூ அம்மாவுக்கு 2015இல் நோபல். இப்போது ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்திரியாவில் அதற்கும் கிருமி பகுதி எதிர்ப்புக் காட்டுகிறது. மருந்து இன்னும் கேட்கிறது, கிருமி ரத்தத்தை விட்டுப் போகத்தான் கூடுதல் நேரம் எடுக்கிறது. இது போதாதென்று, எரித்திரியாவில் ஒரு வகைக் கிருமி விரைவுப் பரிசோதனைப் பட்டையில் தெரியவேண்டிய புரதத்தையே கழற்றிப் போட்டுவிட்டது. பட்டை நெகட்டிவ் காட்டும், பிள்ளைக்குத் தீவிர மலேரியா. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கப்பிள்ளை எழுதியது:

மீன்கொத்தி அண்ணன் எழுதிய 63, 69 கதையைப் படித்ததும் இந்த ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது, ஆலையில் பழைய ஆட்களிடம் பேசி, கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டேன்.

லிராவுக்குப் பக்கத்து மாவட்டம் ஆபாக். மலேரியா பற்றிப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், ஒரு காலத்தில் அங்கே ஓர் ஆள் ஒரு வருடத்தில் வாங்கும் கிருமியுள்ள கொசுக்கடி 1,500க்கு மேல் என்று அளந்திருக்கிறார்கள். ராத்திரிக்கு நாலு! கடி இல்லை, கிருமி உள்ள கடி. 2008இல் அங்கே வீட்டுச் சுவர்களில் டிடிடி அடிக்க ஆரம்பித்தார்கள், இயற்கைப் பருத்தி ஏற்றுமதிக்காரர்கள் எங்கள் சரக்கு கெட்டுவிடும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள், நின்றது. பிறகு வேறு மருந்து வைத்து அமெரிக்க நிதியில் வடக்கே பத்து மாவட்டத்தில் தொடர்ந்து அடித்தார்கள். மலேரியா நன்றாகவே இறங்கியது. 2014இல் தெளிப்பை நிறுத்தி வலை கொடுத்துவிட்டு, தெளிப்பு நிதியை வேறு மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். 2015இல் வடக்கு முழுக்க மலேரியா வெடித்தது.

எங்கள் பாய்லர்காரர் சொன்னது: "அந்த நாலைந்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் பலமாக அடித்தது. முன்னே கடி வாங்காத பிள்ளைகள்." செல்வி மேடம் சொன்ன பச்சை உடம்பு இதுதானே?

லேப் செல்வி எழுதியது:

அதேதான். அவர் படிக்காமலே சொல்லிவிட்டார். இதனால்தான் பாதியில் விடுவது தொடங்காமலே இருப்பதைவிடச் சில சமயம் மோசமாகிவிடுகிறது.

மன்னார் மீன்கொத்தி எழுதியது:

எதிர்க்கேள்வித் தம்பிக்கு இன்னொன்று. 1955இல் உலகம் முழுக்க மலேரியாவை ஒழிக்கப்போகிறோம் என்று பெரிய திட்டம் தொடங்கினார்கள், எங்கள் நாடும் உங்கள் நாடும் அதில் இருந்தன. ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதியைப் பெரும்பாலும் சேர்க்கவே இல்லை. அங்கே பரவல் மிக அதிகம், ஆள் இல்லை, ரோடு இல்லை, முடியாது என்று ஒதுக்கிவைத்தார்கள். பந்தியில் இலையே போடாமல் விட்டுவிட்டு, அவன் ஏன் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

எதிர்க்கேள்வி எழுதியது:

அந்த இலை விஷயம் எனக்குத் தெரியாது. சரி. ஆனால் அந்த நாட்டு அரசுகளுக்கும் பொறுப்பு இருக்கிறது என்பதை விடமாட்டேன். எல்லாம் வெளிநாட்டுக் காசில் என்றால், வெளிநாட்டுக்காரன் கையை விரித்த அன்று என்ன ஆகும்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஆகிவிட்டதே. 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது இங்கே எத்தனை பேர் வேலை ஒரே வாரத்தில் போனது என்று நேரில் பார்த்தேன், எங்கள் ஆலைக்கே இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். அதற்கு முன்பும் நிலைமை அப்படியொன்றும் ஓஹோ இல்லை, 2023இல் உலகம் முழுக்க மலேரியாவுக்குத் தேவை 830 கோடி டாலர், கிடைத்தது 400 கோடி. ஆகவே உங்கள் கேள்வி நியாயம், சொல்கிற தொனிதான் இடிக்கிறது.

அரசு நிலையத்தில் மாத்திரை இலவசம் என்பதும் சரிதான். இருக்கும்போது இலவசம். இல்லாதபோது எதிர்க் கடைக்குப் போக வேண்டும், கையில் இருக்கிற காசுக்கு எத்தனை மாத்திரை வருமோ அத்தனை. முழுக் கோர்ஸ் முடிக்காததற்கு அறியாமை என்று பெயர் வைக்கிறோம், எனக்கு அதைக் காலாண்டுக் கணக்கு மாதிரிதான் பார்க்கத் தோன்றுகிறது: காய்ச்சலுக்கு மாத்திரை, போடாவுக்குக் காசு, பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் வயல் வேலை நாலு நாள், விதைக்கிற பருவத்தில் என்றால் அந்த நாலு நாள் அறுவடையில் தெரியும். மழை வந்தால்தான் விதைப்பு, மழை வந்தால்தான் மலேரியாவும். இந்த ஒன்றை எந்த அறிக்கையும் உறைக்கிற மாதிரி சொல்லி நான் படிக்கவில்லை.

டேங்க்மூடி எழுதியது:

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். சென்னையில் கொசு ஒழிப்புப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் துரத்தியது வேறு கொசு, அனோபிலிஸ் ஸ்டீபன்சி. அது வயல்காட்டுக் கொசு இல்லை, சுத்தத் தண்ணீர்க்காரி. கிணறு, மொட்டைமாடி டேங்க், கட்டட வேலைக்குத் தேக்கிவைத்த தண்ணீர். தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு ஒரு காலத்தில் சென்னை நகரத்துக்குள் இருந்ததற்கு இதுதான் காரணம். ஏணி வைத்து மாடி ஏறி, டேங்கில் டார்ச் அடித்துப் புழு பார்த்து, அபேட் என்கிற புழுக்கொல்லி மருந்தை ஊற்றி, வீட்டுக்காரரிடம் மூடி போடச் சொல்லித் திட்டு வாங்குவதுதான் எங்கள் உத்தியோகம். என் புனைபெயருக்குக் காரணம் புரிந்திருக்கும்.

விஷயம் என்னவென்றால், அவள் கடல் தாண்டிவிட்டாள். 2012இல் ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஜிபூட்டியில் பிடிபட்டது. அந்த வருடம் அங்கே மலேரியா 27 பேருக்கு. 2020இல் 73,000க்கு மேல். சின்ன நாடு அது. 2022இல் எத்தியோப்பியாவில் டிரே டாவா நகரத்தில் வறட்சி மாதத்தில் மலேரியா பரவியது, அதிலும் இவள் கைதான். நைஜீரியா, கென்யா வரை வந்தாயிற்று. மன்னாரிலும் 2016 கடைசியில் கிணறுகளில் பிடித்தார்கள், மீன்கொத்திக்குத் தெரியும்.

ஆப்பிரிக்காவில் இதுவரை நகரம் என்றால் மலேரியா குறைவு, கிராமம்தான் ஆபத்து. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத நகரத்தில் வீட்டுக்கு வீடு பீப்பாயில் பிடித்து வைப்பார்கள், அதில் இவள் குடியேறினால் அந்த வித்தியாசம் போய்விடும். வலை, சுவர்த் தெளிப்பு இரண்டும் இவளுக்குப் பெரிதாக உறைக்காது. சாயந்தரமே கடிப்பாள், மாட்டுக் கொட்டகையிலும் தங்குவாள்.

மன்னார் மீன்கொத்தி எழுதியது:

ஐயா சொல்வது சரி. எங்கள் ஊரில் கிணற்றுக்குள் புழு தின்னும் மீன் விட்டார்கள், சில கிணறுகளுக்கு வலை போட்டு மூடினார்கள். இல்லாத நோய்க்கு இவ்வளவு பாடா என்று சனம் முணுமுணுத்தது. 63இலும் அப்படித்தான் முணுமுணுத்திருப்பார்கள்.

எதிர்க்கேள்வி எழுதியது:

தடுப்பூசி வந்துவிட்டதே, அதைப் பற்றி யாரும் எழுதவில்லை? புனே சீரம் நிறுவனம் தயாரிக்கிறது, டோஸ் நாலு டாலருக்கும் கீழே. நம்ம நாட்டுக்குக் கொஞ்சம் பெருமைப்படலாம் என்று நினைக்கிறேன்.

லேப் செல்வி எழுதியது:

படலாம், நானும் படுகிறேன். முதலில் வந்த ஆர்டிஎஸ்எஸ் ஊசியை 2019இலிருந்து கானா, கென்யா, மலாவியில் சோதனையாகப் போட்டார்கள், அந்தப் பகுதிகளில் சிறு பிள்ளைகளின் மொத்தச் சாவே, விபத்து நீங்கலாக, 13 சதவீதம் குறைந்தது. ஆக்ஸ்ஃபோர்டும் சீரமும் சேர்ந்த ஆர்21 ஊசிக்கு 2023இல் பரிந்துரை வந்தது. ஆனால் இது அம்மை ஊசி மாதிரி ஒருமுறை போட்டால் தீர்ந்தது என்கிற சமாச்சாரம் இல்லை. நாலு டோஸ், பாதுகாப்பு மாதம் ஆக ஆகத் தேயும். வலை, மாத்திரை, மழைக்காலத்தில் சாஹேல் (சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதி) பக்கம் வீடு வீடாகப் போய் மாதாமாதம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தடுப்பு மருந்து, இவற்றோடு சேர்ந்தால்தான் பலன். நாலாவது டோஸ் ஒன்றரை வயதில், அப்போது பிள்ளை ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும், எந்த அம்மாவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க யோசிப்பாள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

உகாண்டாவில் 2025 ஏப்ரலில் அந்த ஆர்21 ஊசியைத் தொடங்கி வைத்த இடமே ஆபாக்தான், நான் முன்னே சொன்ன அதே 1,500 கடி ஆபாக். ஆறு, ஏழு, எட்டு மாதத்தில் மூன்று, பிறகு பதினெட்டாம் மாதம். காவலாளியின் மகளுக்கு வயது தாண்டிவிட்டது, அவருடைய சின்னவனுக்கு மூன்றும் போட்டாயிற்று. நாலாவதுக்கு அட்டையில் தேதி எழுதியிருக்கிறது. அன்றைக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன், சொல்லவில்லை. விடுப்புச் சீட்டுகளை மாதவாரியாகக் கூட்டி ஒரு தாளில் போட்டு அவர் மேசையில் வைக்கப்போகிறேன், மலேரியாவால் ஆலைக்கு எத்தனை ஷிப்ட் போகிறது என்று. எண்ணைப் பார்த்தால் பேசுவார்.

டேங்க்மூடி எழுதியது:

நல்லது தம்பி. அந்தத் தாளை வைக்கிறதுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆலைத் தண்ணீர் டேங்க் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா? கென்யா உங்களுக்குப் பக்கத்து நாடு.

கணக்கப்பிள்ளை எழுதியது:

இப்போதுதான் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினேன் ஐயா. மூன்று டேங்க். இரண்டுக்கு மூடி இருக்கிறது. மூன்றாவதுக்கு எப்போதோ காற்றில் பறந்துபோனதாம், தேடவில்லையாம். உள்ளே டார்ச் அடித்ததில் என்னவோ நெளிகிறது, உங்கள் ஆளா வேறா எனக்குச் சொல்லத் தெரியாது, பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஒரு தகரத்தைப் போட்டு மேலே கல் வைத்தாயிற்று. ஃபுண்டி (கொத்தனார், மெக்கானிக் எல்லாருக்கும் இங்கே அந்த ஒரே பேர்தான்) திங்கட்கிழமை வந்து மூடி போடுகிறேன் என்றிருக்கிறார்.

டேங்க்மூடி எழுதியது:

பாட்டிலில் புழு தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டிப் படுத்தாற்போல் மிதக்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா, பார்த்துச் சொல்லுங்கள். படுத்திருந்தால் அனோபிலிஸ். தொங்கினால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

தொங்குகிறது.